அரிவாளைக் காட்டி மிரட்டினால் இனி 506 இல்லை

1.7.2024 முதல் நடந்த மிரட்டல் என்றால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 351தான். அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 506. சாதாரண மிரட்டலுக்கு 2 ஆண்டு வரை, கொலை மிரட்டலுக்கு 351(3)-இன்படி 7 ஆண்டு வரை. தண்டனை அளவு மாறவில்லை. கத்தி பட்டுக் காயமானால் ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கான பிரிவு 118-ம் சேரும்.

வழக்கு பலவீனமாவது பெரும்பாலும் புகார் மனுவில்தான். "ஆயுதத்தைக் காட்டி மிரட்டினார்" என்று தயவுசெய்து மொட்டையாக எழுதாதீர்கள். அரிவாளா, சூரிக்கத்தியா, எந்தக் கையில், எத்தனை அடி தூரத்தில், சொன்ன வார்த்தைகள் அப்படியே, கெட்ட வார்த்தை உட்பட. பயந்துபோய் என்ன செய்தீர்கள் என்பதும் வேண்டும்: கடை ஷட்டரை இறக்கினீர்களா, பக்கத்து வீட்டுக்கு ஓடினீர்களா? "சும்மா வாய்ச்சவடால்" என்று எதிர்த்தரப்பு வாதாடுவது இந்த இடத்தில்தான். சிசிடிவி பதிவை அன்றைக்கே எடுத்து வையுங்கள். சில நாளில் மேலே புதுப் பதிவு ஏறிவிடும்.