பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலிப் பக்கம் பாபநாசம் மலைமேல் இருக்கிற காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் பொங்கல் பானை, பச்சரிசி, வெல்லம், மாலை என்று கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுப் பையில் இவற்றோடு ஒரு ஜோடி தோல் செருப்பும் இருக்கும். பெரியப்பா அம்பாசமுத்திரத்தில் செருப்புக் கடை வைத்திருந்ததால் இது ஏதோ தொழில் ராசி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்பைக் காணிக்கையாகக் கொடுப்பது ஊர் உலகத்துக்கே உள்ள வழக்கம்.

பெரியப்பா தவறிய வருடம் யாரும் மலைக்குப் போகவில்லை. தலைத்திவசம் முடிந்து இந்த ஆடிக்குத்தான் பெரியம்மை, அண்ணன், மதினி, அம்மா, நாங்கள் பிள்ளைகுட்டிகள் எல்லோரும் கிளம்பினோம்.

முதலில் பாபநாசம். விடியும் முன்பே படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அண்ணன் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு எழுந்தபோது, பக்கத்தில் ஒருவர் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துத் தாமிரபரணியில் விட்டார். துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, வருஷா வருஷம் வாரி வாரி மாளவில்லை. பெரியப்பா இருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டார். "பாவம் ஆத்தோட போவும்வே, வேட்டி போவாது. கீழ கல்லிடைக்குறிச்சிக்காரன் கால்ல சுத்தும்" என்று முன்பின் தெரியாதவரிடமும் சண்டைக்கு நிற்பார்.

தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தில் முதலாவது, சூரியன் தலம், இந்தப் பாபநாசநாதர் கோயில். உலகம்மை சன்னதி முன்னால் ஓர் உரல் இருக்கும். அம்மன் அபிஷேகத்துக்குப் பெண்கள் அதில் மஞ்சள் இடிப்பார்கள். வருடந்தோறும் உலக்கையை முதலில் எடுக்கிற பெரியம்மை இந்தத் தடவை தூண் ஓரமாக ஒதுங்கி நின்றாள். மதினி போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உலக்கையைக் கொடுத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மதினி வாங்கு வாங்கு என்று வாங்கியிருப்பாள்.

திருவிழா சமயத்தில் சொந்த வண்டிகளை மேலே விடுவதில்லை, அரசுப் பேருந்துதான். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைக் கிளறுவார்கள். செருப்பைப் பார்த்ததும் காவலர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். முன்பெல்லாம் ஆற்றங்கரையில் குடில் போட்டு நாட்கணக்கில் தங்குவோம். இந்தத் திருவிழாவுக்குச் சிங்கம்பட்டி ஜமீனின் ராஜா முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் தர்பாரில் வந்து அமர்வார். 2020 மே மாதம் அவர் காலமானார். அந்தத் தர்பார் கூட்டத்தில் எல்லோரும் ராஜாவின் தலைப்பாகையை எட்டி எட்டிப் பார்த்தால், பெரியப்பா அவர் காலில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்ப்பார்.

அவர் மனுஷனைக் காலிலிருந்துதான் படிப்பார். கோட்ஸ் நூல் ஆலையில் நின்றே வேலை பார்ப்பவர் யார், வயலில் இறங்குபவர் யார் என்று பாதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் எங்கள் ஏழு பேரையும் கடை பெஞ்சில் வரிசையாக உட்கார வைப்பார். "ஏட்டி, காலை நீட்டு." ஷூவை மாட்டி, முனையில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். ஒரு விரல்கடை இடம் இருக்க வேண்டும். அடுத்த ஜூன் வரை கால் வளர வேண்டுமே. அப்பா போனபிறகு நாங்கள் அந்த வீட்டுக்கு வந்தவர்கள். ஆனால் அந்த பெஞ்சில் அவர் பிள்ளை எது, தம்பி பிள்ளை எது என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே கம்பெனி, ஒரே விலை.

தங்கமான மனிதர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கடன் கேட்டு வந்தால் சொந்தக்காரனையும் விரட்டுவார். போட்டு நடந்த செருப்பை மாற்றித் தரச் சொன்னால் கடையே அதிரும். எனக்கு வந்த மாப்பிள்ளையைக் கூட, "நடை சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் தட்டிவிட்டவர். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னமும் தெரியாது.

காரியம் முடிந்து கணக்கு நோட்டுகளை எடுத்தபோது ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் எங்கள் பெயர்கள். பெயருக்கு நேரே கால் அளவு, வருஷ வாரியாக. கட்டிக்கொடுத்த பெண்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் வரை எழுதியிருந்தார். தீபாவளிப் பார்சலில் வருகிற செருப்பு எப்படிச் சொல்லாமலே சரியாக இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பல தடவை கேட்டிருக்கிறார். ஓரிடத்தில் "பட்டவராயன் – 10" என்றும் இருந்தது.

முத்துப்பட்டன் கதை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுகிற கதை. பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கட்டுவதற்காகப் பூணூலைக் கழற்றிப் போட்டவன். மாடு கவர வந்தவர்களோடு மோதி உயிரை விட்டான். அவன்தான் பட்டவராயன். காணிக்கைச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் காட்டில் நடக்கிறார் என்பதும், மறுவருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பதும் நம்பிக்கை. மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கட்டித் தொங்குகிற பழைய செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். "குதியை விட முன்னடி தேஞ்சிருக்கு பாத்தியா? இது மேட்டுல ஏறுன கால்" என்பார். பக்தியா, தொழில் புத்தியா என்று பிரிக்க முடியாது. கடைச் சரக்கை மட்டும் ஒருநாளும் கொண்டு வந்ததில்லை. தெரிந்த ஒரு பெரியவரிடம் சொல்லிக் கையால் தைத்த செருப்புதான். "இது வருஷம் பூரா நடக்கிற ஆளுக்கு, கம்பெனிச் சரக்கு தாங்காது."

இந்த முறை அண்ணன்தான் செருப்பைக் கொடுத்தான். கொடுக்கும் முன்னால் வாரை இழுத்துப் பார்த்தான், அடியை மடக்கிப் பார்த்தான். பெரியம்மை பார்த்துக்கொண்டே நின்றாள். மணிவிழுங்கி மரத்தில் பிள்ளைகளுக்கு மணி கட்ட ஆசை, கட்டினோம். பூக்குழி பார்க்க நிற்க முடியவில்லை, கூட்டம் நெரிந்தது.

இறங்குகிற பேருந்துக்காக நின்ற வரிசையில்தான் அண்ணன் சொன்னான்: தைத்துக் கொடுக்கிற பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதாம், மகன் தொழிலுக்கு வரவில்லையாம், அடுத்த ஆடிக்கு வேண்டுமென்றால் சித்திரையிலேயே சொல்லிவிட வேண்டுமாம்.

"அப்ப ரெண்டு வருசத்துக்குச் சேத்தே சொல்லிருல" என்றாள் பெரியம்மை.