மூட்டையை விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்

கையேந்துபவருக்குக் காசு போடலாமா கூடாதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பெரியவர்களுக்குப் போடலாம். பத்து ரூபாயில் யாரும் கெட்டுப்போவதில்லை. ஆனால் அந்தக் காசு அவரைத் தெருவிலிருந்து எழுப்பாது. ஆள் யார், அவருக்கு எந்தக் கதவு என்று பார்த்து, அது திறக்கும்வரை கூடவே நின்றால்தான் எழுப்பும். சென்னையில் இது எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்பதை இங்கே எழுதுகிறோம்.

சிக்னலிலும் கோயில் வாசலிலும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். அது அவருடைய வருமான நேரம். கையேந்தும் இடமும் படுக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. படுக்கும் இடத்துக்கு இரவு ஒன்பதரைக்கு மேல் போங்கள், இல்லாவிட்டால் விடியற்காலை ஐந்தரைக்குப் போங்கள். நின்றுகொண்டு பேசாமல், இரண்டு கை தூரம் விட்டுக் குத்தவைத்து உட்காருங்கள். "ஐயா, சாப்டீங்களா?", "கால்ல என்னம்மா புண்ணு?" போதும். பெயர், ஊர், ஆதார் எதுவும் முதல் நாள் கேட்க வேண்டாம். படமும் எடுக்க வேண்டாம். பிச்சை எடுப்பதைத் தடுக்க இங்கே 1945-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் தெருவில் எல்லோருக்கும் உண்டு. குறிப்பு நோட்டைப் பார்த்தாலே அந்த வண்டி வந்துவிட்டது என்று இடம் மாறிவிடுவார்கள். மூன்றாவது, நான்காவது சந்திப்பில் அவர்களே ஊரைச் சொல்வார்கள்.

சாப்பாடு கொடுப்பதென்றால் நாள் பார்த்துக் கொடுங்கள். அமாவாசையன்று கோயில் பக்கம் பொட்டலம் குவிந்து கெட்டுப்போகும், மறுநாள் ஒன்றும் இருக்காது. பல் இல்லாதவருக்குப் பிரியாணியால் பயனில்லை. இட்லியோ தயிர் சாதமோ வாங்குங்கள். பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. இருபது ரூபாயில் ஒருவருக்கு ஒரு நாள் ஓடிவிடும். கம்பளி எல்லோரும் கொடுக்கிறார்கள், வைக்க இடமில்லாமல் விற்றுவிடுகிறார்கள். லுங்கி, நைட்டி, சானிட்டரி நாப்கின், சின்ன சோப்பு, அளவு பார்த்து வாங்கிய செருப்பு ஆகியவைதான் தேவைப்படும். மாத்திரை சாப்பிடுபவருக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று கொடுங்கள். ஒரு மழை போதும், சர்க்கரை மாத்திரை மொத்தமும் கரைந்துவிடும்.

குழந்தை கை நீட்டினால் மட்டும் காசு வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள். எந்த சிக்னல், எந்தக் கடைக்கு எதிரில், குழந்தையின் சட்டை நிறம், கூட இருக்கும் பெரியவர் எப்படியிருப்பார் என்று சொல்லுங்கள். கைக்குழந்தை எந்த நேரமும் தூங்கிக்கொண்டே இருந்தால் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். நீங்களே குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடுத்த நிமிடம் அந்தக் கூட்டம் இடம் மாறிவிடும், மீட்க வருபவர்கள் வெறும் நடைபாதையைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். குழந்தையைப் பிச்சை எடுக்க வைப்பவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

வெயிலிலும் நாலைந்து சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, சடை பிடித்த தலையோடு, தனக்குள் பேசிக்கொண்டு திரிபவரின் வழி வேறு. அவருக்கு முடிவெட்டிக் குளிப்பாட்டி வீடியோ போடுவது உதவி அல்ல. அவருக்கு வேண்டியது சிகிச்சை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவு, இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதிக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது. 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. நடைமுறையில் "நீங்களே கொண்டுபோய் விடுங்க" என்று நிலையத்தில் சொல்வார்கள், "போலீஸ் மெமோ இல்லாமல் எடுக்க முடியாது" என்று மருத்துவமனையில் சொல்வார்கள். நடுவில் அந்த மனிதர் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பார். அதனால் வாய்மொழியாகச் சொல்லாமல் மனுவாக எழுதிக் கொடுங்கள். எந்த இடம், எத்தனை நாளாகப் பார்க்கிறீர்கள், என்ன செய்கிறார் என்று மட்டும் எழுதுங்கள், நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம். மனுவில் 100-வது பிரிவைக் குறிப்பிட்டு சி.எஸ்.ஆர். ரசீது (மனுவை வாங்கிக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் ரசீது) கேளுங்கள். காலை பத்து மணிக்குள் போங்கள். மாலை போனால் எல்லாம் மறுநாளைக்குத் தள்ளிப்போகும், அதற்குள் ஆள் வேறு தெருவுக்குப் போயிருப்பார். பெண் என்றால் கூட ஒரு பெண் கட்டாயம் வர வேண்டும்.

புண், காய்ச்சல், மயக்கம் என்றால் 108. வண்டியில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று வந்துவிடக் கூடாது. கூட ஆள் இல்லாத நோயாளி ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். அட்மிஷன் சீட்டு போட்டு வார்டுக்குப் போகும்வரை இருங்கள். அடிக்கடி நடப்பது, கட்டுப்போட்டு மறுநாளே அனுப்பிவிடுவதுதான். அதே கட்டு பத்து நாள் அழுக்கேறிக் காலிலேயே இருக்கும், உள்ளே புழு வைத்துவிடும். அடுத்த கட்டு எந்தத் தேதி என்று நர்ஸிடம் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி அவர் பையில் வையுங்கள், அந்தத் தேதியில் நீங்களும் போங்கள்.

இனி காப்பகம். லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் நகர்ப்புற வீடற்றோருக்குக் காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை மாநகராட்சிக் காப்பகங்களில் இடம் கேட்க 1913-ஐ அழைக்கலாம், தங்குவது இலவசம். ஆனாலும் பலர் வர மறுப்பார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று பேசுபவர்கள் அந்த மூட்டையை ஒருமுறை பார்க்க வேண்டும். சிமெண்ட் சாக்கு, வாய் கட்டியது சேலைக் கிழிசலால். உள்ளே பழைய ரேஷன் கார்டின் ஜெராக்ஸ், ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, ஓரம் நனைந்து ஒட்டிப்போன பேரன் போட்டோ, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி. சுத்தம் என்ற பெயரில் இதை வாசலிலேயே வாங்கிக் குப்பையில் போட்ட இடங்கள் உண்டு. ஒரு முறை நடந்தால் அந்தத் தெருவே இனி வராது. எனவே அழைத்துப் போகும் முன்பே போன் செய்து கேளுங்கள்: மூட்டை வைக்க இடம் உண்டா, கணவனும் மனைவியும் பிரியாமல் இருக்க முடியுமா, பகலில் வெளியே போய் வரலாமா? ஒரே ஒரு இரவு தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பிடிக்காவிட்டால் திரும்பிக் கொண்டுவந்து விடுவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி விடுங்கள்.

காப்பகத்தில் சேர்த்தபின்தான் காகித வேலை தொடங்கும். அறுபது வயதைக் கடந்து ஆதரவில்லாதவர் என்றால் முதியோர் ஓய்வூதியம் கேட்கலாம். 2023 ஆகஸ்டில் அது ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. எல்லாம் ஆதாரில்தான் தட்டும். முகவரிக்குக் காப்பகக் கண்காணிப்பாளர், ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று தரலாம். புதிதாகப் பதிவதற்கு முன் பழைய ஆதார் உண்டா என்று மூட்டையில் தேடச் சொல்லுங்கள். என்றோ ஊரில் எடுத்திருப்பார், நினைவிருக்காது. புதுப் பதிவு 'ஏற்கெனவே உள்ளது' என்று நிராகரிக்கப்பட்டு மாதங்கள் வீணாகும். அப்படியானால் ஆதார் மையத்தில் கைரேகை அல்லது கருவிழி வைத்துப் பழையதையே எடுக்கலாம். தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஊர் மாறியபின் ஓ.டி.பி.க்கு அவர் அலைவார். காப்பகத்தில் நிரந்தரமாக இருக்கும் எண்ணே சரி.

இ-சேவையில் ஓய்வூதிய மனு போட்டபின் விசாரணைக்கு ஆள் வருவார். அந்த நேரம் ஓய்வூதியம் கேட்டவர் கோயில் வாசலில் இருந்தால் 'முகவரியில் இல்லை' என்று மனு தள்ளுபடி ஆகிவிடும். வரும் நாளை முன்பே கேட்டு வைத்து, அன்று மட்டும் உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள்.

முதல் பணம் வரும் நாளில் கூடப் போங்கள். வருடக்கணக்காகத் தரையில் தேய்ந்த விரலில் ரேகை விழாது. கைரேகை இயந்திரம் இரண்டு முறை மறுத்ததும் பலர் வெட்கப்பட்டு எழுந்து வந்துவிடுவார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் விழாவிட்டால் மோதிர விரல். எந்த விரல் விழுந்தது என்பதை பாஸ்புக்கின் பின்அட்டையில் எழுதி வையுங்கள்.