தள்ளுபடி அட்டையை நம்பாமல் வீட்டுச் சாமான் வாங்கிய கதை

சாவி கைக்கு வந்த அன்று வீட்டுக்குள் இருந்தது ஒரு பல்பு, இரண்டு அட்டைப்பெட்டி, அப்புறம் நான். அதுவரை எல்லாச் சாமானும் ஏற்கெனவே இருக்கும் வீடுகளில்தான் இருந்திருக்கிறேன், ஒரு பிரிட்ஜுக்கு என்ன விலை இருக்கும் என்பதுகூடத் தெரியாது. ஆனாலும் ஆர்வக்கோளாறில் பட்டியல் மட்டும் நீளமாகப் போட்டேன்: பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் மெஷின், வாக்குவம் கிளீனர், டிவி, ஏர் ஃபிரையர். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எது இல்லாம ஒரு மாசம் ஓட்ட முடியாதோ அதை மட்டும் இப்ப வாங்குடா" என்றாள். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்திருந்தது. ஒரு ஆளுக்குச் சேரும் பாத்திரம் பத்து நிமிட வேலை, அதற்கு ஒரு மெஷின் எதற்கு?

முதலில் பிரிட்ஜ். ஒரு கடையில் பார்த்துப் பிடித்துப்போய் முன்பணம் கட்டப் போன நேரத்தில்தான் அளவு எடுத்தாயா என்று அக்கா கேட்டாள். சமையலறையில் வைக்கும் இடத்தை எடுத்திருந்தேன், 75 செ.மீ., பிரிட்ஜ் 70, தாராளம் என்று நினைத்திருந்தேன். வீட்டு வாசல் கதவையும் மாடிப்படி திரும்பும் இடத்தையும் யார் அளந்தது? திரும்பிப் போய் அளந்தால், கதவுச் சட்டத்துக்குள் கிடைத்தது 72. பெட்டியோடு சேர்த்தால் பிரிட்ஜ் 76. பெட்டியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்துவிடலாம், சரி, ஆனால் வைத்த இடத்தில் பிரிட்ஜ் கதவு முழுதாகத் திறக்காது, ஏனென்றால் கீல் இருக்கும் பக்கம் சுவர். கதவு பாதி திறந்தால் உள்ளே இருக்கும் காய்கறித் தட்டை வெளியே இழுக்கவே முடியாது. காற்றோட்டத்துக்குப் பின்னாலும் பக்கத்திலும் கொஞ்சம் இடைவெளி வேறு விடச் சொல்கிறார்கள். அன்று முன்பணம் கட்டியிருந்தால் அது எவ்வளவு பெரிய தள்ளுபடியாக இருந்தாலும் எனக்கு நஷ்டம்தான்.

அப்புறம் ஒரு நோட்டில் விலை எழுத ஆரம்பித்தேன். மூன்று மாடல், நான்கு கடை, மூன்று வாரம், இரண்டு நாளுக்கு ஒரு தடவை. பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் அதில்தான் வேடிக்கையே வெளியே வந்தது. பெரிய தள்ளுபடி விற்பனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பிரிட்ஜின் விலை மெதுவாக ஏறியது, விற்பனை அன்று அந்த ஏறிய விலைக்கும் மேலே ஒரு விலையைப் போட்டு, அதைக் கோடு அடித்து, "40% தள்ளுபடி" என்று எழுதியிருந்தார்கள். என் நோட்டில் இருந்த முதல் நாள் விலையோடு ஒப்பிட்டால் உண்மையில் குறைந்தது 6 சதவீதம். 6 சதவீதமும் பணம்தான், மறுக்கவில்லை, ஆனால் அதற்காக ராத்திரி 12 மணிக்குப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்று, மாடல் எண். ஒரே பொருள்தான், கடைசி எழுத்து ஒன்று மட்டும் கடைக்குக் கடை மாறும். சில சமயம் அது நிறத்துக்கு, சில சமயம் அந்தக் கடைக்கென்றே கொடுத்த எண். "வேற கடையில கம்மி விலைனா நாங்களும் குறைப்போம்" என்று போர்டு வைத்திருப்பவர்கள், அந்த எழுத்தைக் காட்டி "இது வேற மாடல் சார்" என்று தப்பித்துவிடுவார்கள். அதனால் எண்ணை விட்டுவிட்டு லிட்டர், கம்ப்ரசர் வகை, வருட மின்செலவு இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

மின்செலவு விஷயத்தை நான் முதலில் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே கொள்ளளவு உள்ள இரண்டு பிரிட்ஜ், ஒன்றின் லேபிளில் வருடத்துக்கு 180 யூனிட், இன்னொன்றில் 290. வித்தியாசம் 110 யூனிட். பிரிட்ஜ் மட்டும்தான் வீட்டில் நாள் முழுக்க, வருடம் முழுக்க ஓடுகிற சாமான், பத்து வருடம் வைத்துக்கொண்டால் 1,100 யூனிட். கரண்ட் பில்லை எடுத்து ஒரு யூனிட் விலையால் பெருக்கிப் பார்த்தேன். இரண்டுக்கும் கடையில் இருந்த விலை வித்தியாசம் அதைவிடக் குறைவு. விலை கூடின பிரிட்ஜ்தான் மலிவு என்று அப்போதுதான் உறைத்தது. மைக்ரோவேவுக்கு இந்தக் கணக்கெல்லாம் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓடும் சாமான் அது.

கடைசியில் வாங்கியது அந்த 180 யூனிட் பிரிட்ஜையேதான், ஆனால் கடையில் காட்சிக்கு வைத்திருந்த பீஸ். இடது பக்கம் கீழே உள்ளங்கை அளவுக்கு ஒரு நசுங்கல். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் சுவரை ஒட்டி நிற்கும், யாரும் பார்க்கப்போவதில்லை. கதவையும் வலது பக்கம் கீல் வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கதவு ரப்பருக்கு இடையில் வைத்து மூடி, மெதுவாக இழுத்தாள். நான்கு பக்கமும் தாள் இறுக்கமாக வந்தது, வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தமாம். பிளக்கைப் போடச் சொல்லிக் கம்ப்ரசர் சத்தம் கேட்டோம். பின்னால் இருந்த தகட்டில் தயாரித்த மாதம் பார்த்தோம். உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு குறைந்தது, குடோனிலிருந்து எடுத்து வரும்வரை நகரவில்லை. வாரண்டி பில் தேதியிலிருந்துதான் ஆரம்பம் என்று பில்லிலேயே எழுதி வாங்கினோம். விலையில் 18 சதவீதம் குறைந்தது. டிவியை மட்டும் இப்படிக் காட்சிப் பீஸாக வாங்காதீர்கள், அது கடையில் காலை முதல் ராத்திரி வரை முழு வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

வாஷிங் மெஷின் வாங்கப் போன இடத்தில், "சார், பத்து வருஷம் வாரண்டி, கவலையே வேண்டாம்" என்றார் விற்பனையாளர்.

"மெஷினுக்கா, மோட்டாருக்கா?"

கொஞ்சம் சிரித்துவிட்டு, "மோட்டாருக்கு சார்" என்றார். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு, பம்ப், ஆள் வந்து பார்க்கும் கூலி எல்லாம் இரண்டு வருடத்தோடு சரி. அதைச் சொன்ன அதே மூச்சில் எக்ஸ்டெண்டட் வாரண்டி அட்டையை எடுத்து நீட்டினார். அந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைத்தால் ரிப்பேர் வரும்போது நானே கொடுத்துக்கொள்வேன் என்று வேண்டாம் என்றேன். வட்டியில்லாத் தவணை என்றும் சொன்னார்கள், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டதும் விலை கொஞ்சம் இறங்கியது. ஆக, வட்டி எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிந்துவிட்டது. அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்றவரிடம் விலையை விட்டுவிட்டு, மாடிக்குத் தூக்கி வரும் கூலி, ஸ்டாண்டு, நீளமான தண்ணீர்க் குழாய் இவற்றைக் கேட்டேன். மூன்றுக்கும் சரி என்றார். விலையைக் குறைக்க அவர் மேனேஜரிடம் போக வேண்டும், குழாய் கொடுக்க யாரையும் கேட்க வேண்டாம் போல. மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை காலை, கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

மைக்ரோவேவும் வாக்குவம் கிளீனரும் வீடு காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பத்திடம் பழசாக வாங்கியது. ஒரு குவளைத் தண்ணீரை இரண்டு நிமிடம் சூடாக்கிப் பார்த்தேன், கொதி வந்தது, எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சொதப்பல், அதுவும் என் பொறுமையின்மையால். மெஷின் வந்து இறங்கிவிட்டது, மாட்டித் தருகிற ஆள் மறுநாள்தான் வருவார் என்றார்கள். இரண்டு மாத அழுக்குத் துணியில் பாதியை அக்கா வீட்டில் துவைத்துத் துவைத்து எனக்கே வெட்கமாகப் போயிருந்தது, குழாயை நானே சொருகி ஓடவிட்டேன். துவைக்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. பிழிய ஆரம்பித்ததும் மெஷின் தடதடவென்று ஆடி, நகர்ந்து, வாளியைத் தள்ளிக்கொண்டு கதவுப் பக்கம் வந்துவிட்டது. பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் நீளமான போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவார்கள், அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், கையேட்டின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. மறுநாள் வந்தவர் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றார், நான் செய்ததைச் சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். நான்கு போல்ட்டையும் கழற்றி என் கையில் கொடுத்து, "தூக்கிப் போட்டுடாதீங்க சார், வீடு மாத்தும்போது இதை மாட்டித்தான் எடுக்கணும்" என்றார். பில்களோடு ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.