கல்மான் வாத்தியாரும் பாம்பன் படகும்

பாம்பன்ல எங்க மாமா விசைப்படகுல வீல் பக்கத்துல ஒரு ஜிபிஎஸ் பொட்டி இருக்கு. கச்சான் காத்துல படகு என்ன ஆட்டம் ஆடினாலும், சிக்னல் கொஞ்சம் முன்ன பின்ன வந்தாலும், ஸ்கிரீன்ல அந்த அம்புக்குறி தாவாம ஒழுங்கா நகரும். இந்த மாதிரி பொட்டிகள்ல பெரும்பாலும் உள்ள ஓடுறது கல்மான் ஃபில்டர்ங்கிற கணக்கு முறைதான்.

ருடால்ஃப் கல்மான், 1930ல புடாபெஸ்ட்ல பொறந்தவர், எம்ஐடில எலக்ட்ரிக்கல் படிச்சு 1957ல கொலம்பியால டாக்டரேட் வாங்கி, 1960ல இந்த ஃபில்டரைப் பத்தின ஆய்வுக் கட்டுரையை எழுதுறார், அதுவும் ஒரு மெக்கானிக்கல் ஜர்னல்ல! போன நொடி இருந்த இடம், வேகம் ரெண்டையும் வெச்சு இப்ப எங்க இருக்கணும்னு ஒரு கணிப்பு, அப்புறம் அளந்து வர்ற கணக்கு, ரெண்டுல எதை எவ்ளோ நம்பலாம்னு எடை போட்டு ஒரு விடை, அடுத்த நொடி திரும்ப அதே. அவ்ளோதான், ஆனா எவ்ளோ அழகு பாருங்க. நாசா இதை எடுத்து அப்போலோவுக்கே வழிகாட்ட வெச்சாங்க.

அப்புறம் ஸ்டான்ஃபோர்டு, 1971ல இருந்து ஃப்ளோரிடா, கூடவே சூரிச்லயும் பேராசிரியர். 2016ல காலமானார். கன்ட்ரோலபிலிட்டி (ஒரு சிஸ்டத்தை நாம நினைச்ச நிலைக்குக் கொண்டு போக முடியுமா), அப்சர்வபிலிட்டி (வெளிய அளக்குறதை வெச்சு உள் நிலைய கண்டுபிடிக்க முடியுமா)ன்னு நம்ம பசங்க பரீட்சைக்கு மனப்பாடம் பண்றதும் அவர் குடுத்ததுதான். மனப்பாடம் பண்றதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ட்ரிபிள்ஈ, இசிஇ படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புரியலைன்னா இன்பாக்ஸ்ல வாங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து சொல்லித்தர்றேன், காசெல்லாம் வேணாம்.