25ஆவது நிமிடத்தில் தெரிந்த கோடு

அன்று தொலைபேசியில் டாக்டர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். “லாம் என்னாச்சுங்க மேடம்?” என்றார். சிறுநீரில் காசநோயின் தடயத்தைத் தேடும் பட்டைப் பரிசோதனை அது; அன்று அதைச் செய்தவள் நான். பட்டையில் கோடு தெரிந்தால் பாசிட்டிவ்; எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்கு ஓர் ஒப்பீட்டு அட்டை உண்டு. “நெகட்டிவ் சார்” என்றேன். ஒரு கணம் கழித்து, “கோடு சுத்தமா இல்லையா?” என்று கேட்டார். “கார்டுப்படி நெகட்டிவ் சார்” என்றேன். இரண்டாவது கேள்விக்கு நான் சொன்னது பதிலே இல்லை என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கோடு இருந்தது. ஊதா கலந்த சாம்பல் நிறத்தில், பட்டையைச் சற்றுச் சாய்த்தால் தெரியும், நேராகப் பிடித்தால் மறையும் அளவுக்கு மங்கலாக இருந்தது. ஒப்பீட்டு அட்டையில் அச்சிட்டிருக்கும் முதல் நிலைக் கோட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். அதைவிட வெளிறியே இருந்தது. முதல் நிலைக்குக் குறைந்தால் நெகட்டிவ் என்று எழுத வேண்டும் என்பதே விதி. அப்படித்தான் எழுதினேன்.

மூன்று வயதுப் பெண் குழந்தை, எடை 8 கிலோ, எச்.ஐ.வி. உண்டு, இரண்டு வாரமாகக் காய்ச்சல். சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடும் வயது என்பதால், விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்தால்தான் சிபிநாட் என்னும், கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையைச் செய்ய முடியும். அவ்வளவு அழவைத்து எடுத்தாலும், குழந்தைகளின் காசநோயில் கிருமிகள் குறைவு என்பதால் பல நேரம் ஒன்றும் கிடைப்பதில்லை. லாமுக்கோ சிறுநீரில் 60 மைக்ரோலிட்டரைப் பட்டையில் விட்டு 25 நிமிடம் காத்திருந்தால் போதும் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. கிருமியின் சுவரிலிருந்து உதிரும் பொருளைத்தான் அது தேடுகிறது. எச்.ஐ.வி. உள்ள, வார்டில் சேர்க்கப்பட்ட, காசநோய் அறிகுறி உடைய குழந்தைகளுக்கு இதைச் செய்யலாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் நெகட்டிவ் வந்தால் காசநோய் இல்லை என்று பொருள் இல்லை. இது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்படியிருக்க ஏன் சொல்லவில்லை? எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் பொய்யல்ல. முதலில் ஒட்டிய யூரின் பேக்கில் மலம் கலந்துவிட்டதால் அதைக் கொட்டிவிட்டு வேறு பேக் ஒட்டச் சொல்லியிருந்தேன். சிறிதளவு மலம் கலந்தாலும் இல்லாத கோடு தெரியக்கூடும். இரண்டாவது பேக் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பார்வை எவ்வளவு தூரம் போகும்? மேலும், “லேசா தெரியுது” என்று நான் சொன்னால் அந்தச் சொல் வார்டுக்குப் போய்ச் சேரும்போது “பாசிட்டிவ்” ஆகிவிடும். ஒரு குழந்தைக்கு ஆறு மாத மருந்து என்பது என் கண்ணின் தடுமாற்றத்தால் தொடங்க வேண்டியதல்ல.

இப்படி நினைத்து நிம்மதி அடையும்போதெல்லாம் அந்த அட்டையின் வரலாறு குறுக்கே வருகிறது. 2014க்கு முன்பு அதில் ஐந்து நிலைகள் இருந்தன. மிக மங்கலான முதல் கோடு தவறான பாசிட்டிவ்களைத் தருகிறது என்று அதை நீக்கி, பழைய இரண்டாவது நிலையையே முதல் நிலையாக்கினார்கள். அதாவது, நான் அன்று பார்த்த கோடு பழைய அட்டையில் பாசிட்டிவாகவே இருந்திருக்கக்கூடும். அட்டையை மாற்றியவர்கள் செய்தது சரி என்றே நம்புகிறேன். எனினும் டாக்டர் அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை, கோட்டைப் பற்றித்தான் கேட்டார்.

இரண்டு நாள் எடுத்த இரைப்பை நீரிலும் கிருமி கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள், வீட்டில் இருமிக்கொண்டிருந்த தாத்தாவின் சளி பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு, எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். குழந்தை தேறிவிட்டாள். “அதான் நல்லாயிட்டாளே, இன்னும் என்னக்கா?” என்கிறாள் உடன் வேலை செய்யும் தங்கை. அவள் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஐந்து நாளும் காய்ச்சலோடு கிடந்தது நானல்ல. அந்தக் கோடு காசநோயால் வந்ததா, வேறெதனாலோ வந்ததா என்பதை இனி எந்தப் பரிசோதனையும் சொல்லப் போவதில்லை. இப்போதும் ரிப்போர்ட்டில் விதிப்படியே எழுதுகிறேன்; மங்கலாகத் தெரிந்தால் போனில் சொல்லிவிடுகிறேன். அது நல்ல பழக்கமா என்பதில் எனக்கு உறுதி இல்லை.

இன்னொன்றையும் நான் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அந்தப் பட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 40 நிமிடம் ஆகியிருந்தது. கோடு சற்றுக் கருத்திருந்தது. 35 நிமிடத்துக்கு மேல் தெரிவதைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்பதால், அதைக் கழிவுப் பையில் போட்டுவிட்டு அடுத்த மாதிரியை எடுத்தேன்.