விடுமுறை வருகிறது

மார்ச் 28

விடுமுறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கரும்பலகையின் மூலையில் யாரோ எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் ஓர் எண் அழிந்து வேறு எண் வருகிறது. இன்று கணக்கு ஆசிரியர் பலகை முழுவதையும் துடைத்தார், அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டார். அவருக்கும் அவசரம்தான் போலிருக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்ச் 30

அண்ணன் அறைக் கதவு இன்றும் திறக்கவில்லை.

ஏப்ரல் 1

அப்பா எனக்கு விடுமுறை அட்டவணை போட்டுவிட்டார். அடிக்கோல் வைத்துக் கட்டம் கட்டி, இரண்டு வண்ண மையில். காலை ஐந்துக்கு எழுவது, ஓடுவது, அடுத்த ஆண்டுக் கணக்கு. நான் விடவில்லை. பதின்பருவத்தில், தூங்கும் நேரத்தை உடலுக்கு உணர்த்தும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது, தூக்கம் பின்னுக்குப் போவது சோம்பல் அல்ல, உடற்கடிகாரத்தின் வேலை என்றேன். எங்கள் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-இலேயே உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்ததையும் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஐந்தை அடித்துவிட்டு ஐந்தரை என்று எழுதினார்.

அண்ணனுக்கு அட்டவணை இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். உள்ளே அம்மா குழாயைப் படாரென்று திறந்துவிட்டார். நான் என்ன கேட்கப் போகிறேன் என்பது அவருக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடுகிறது.

ஏப்ரல் 3

கோடையில் ஏன் வெப்பம் அதிகம் என்று வகுப்பில் கேள்வி. சூரியனுக்கு அருகில் போகிறோம், அதனால்தான் என்று பாதிப் பேர் கத்தினார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் எழுந்தாள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி. பூமியின் வடபாதியில் கோடைக்காலமே அப்போதுதான். எல்லாவற்றுக்கும் காரணம் பூமி அச்சின் 23.4 பாகைச் சாய்வு. அவள் சொன்னால் பாடம் பக்கத்து வீட்டு வம்பு போல இருக்கும். உட்கார்ந்ததும் என் காதருகே, "கத்தினவர்களில் நீயும் உண்டு, கேட்டது" என்றாள்.

நாங்கள் தோழிகளா என்று எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டின் அகரவரிசை எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது. பள்ளி வாசலுக்கு வெளியே ஒரு தடவைகூடச் சந்தித்ததில்லை. அடுத்த ஆண்டு பிரிவுகளைக் கலைத்துப் போடுவார்கள். அப்போது அகரவரிசை வேறு யாரையாவது கொண்டுவரும்.

ஏப்ரல் 7

"லீவில் ஒருநாள் உன் வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். மிகச் சாதாரணமாக, அழிப்பான் கேட்கிற குரலில். வெளியூர் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். லீவு முழுக்கவா என்றாள். முழுக்க என்றேன்.

நாங்கள் எங்கும் போகவில்லை. ஜனவரிக்குப் பிறகு உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக்கூடப் போகவில்லை.

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பள்ளியில் என்னிடம் யாரும் "அவன் இப்போது எப்படி இருக்கிறான்?" என்று தலையைச் சாய்த்துக் கேட்பதில்லை. காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும் வரை நான் ஒற்றைப் பிள்ளை. அங்கே சத்தமாகச் சிரிக்கலாம், கதவை ஓங்கிச் சாத்தலாம், யாரும் உதட்டில் விரல் வைக்கமாட்டார்கள். அதைத்தான் விடுமுறை பிடுங்கிக்கொள்ளப் போகிறது. பகல் முழுவதும் வீட்டில், அந்தக் கதவுக்கு எதிரே. விடுமுறை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை யார் நம்புவார்கள்? படிப்பில் புலி என்று நினைத்துக்கொள்வார்கள். என் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும்.

வேண்டாம் என்பதும் முழு உண்மை இல்லை. சீருடையின் கழுத்துப்பட்டி அரிக்கிறது. மதியத்துக்கு மேல் வரும் வரலாற்று வகுப்பில் என் உயிரே போகிறது. நேரம் பார்க்காமல் ஒரு புத்தகத்தைத் தொடங்கி நேரம் பார்க்காமல் முடிக்க வேண்டும். நன்றாகத் தூங்க வேண்டும். இதெல்லாம் வேறொரு வீட்டில் நடந்தால் தேவலை. இதை எழுதியது அம்மா கண்ணில் பட்டால் அழுவார்.

ஏப்ரல் 8

அவளுடைய நீலப் பேனா என்னிடமே இருக்கிறது. அவள் கேட்கவில்லை. நானாகக் கொடுக்கவும் இல்லை.

ஏப்ரல் 11

"கொஞ்ச நாள் போனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள்" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நூலகத்தில் தேடினேன். எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, மறக்கவிட்டு, மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டிருக்கிறார். சோதனை செய்தவரும் அவரே, சோதனைக்கு உட்பட்டவரும் அவரே. ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒரு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. வரைபடத்தில் கோடு முதலில் சரேலென்று விழுந்து, பிறகு மெதுவாக, மிக மெதுவாக இறங்குகிறது.

அண்ணன் விஷயத்தை ஊர் மறக்க வேண்டுமென்றால் இந்த ஐந்தில் ஒரு பங்கு பெரிய தொல்லை. அவள் என்னை மறக்காமல் இருக்க அதே ஐந்தில் ஒரு பங்கு எனக்குப் போதும். ஒரே எண்ணிடம் இரண்டு எதிரெதிர் வரங்களைக் கேட்கிறேன். இந்தக் கணக்கு பொருளில்லாத அசைகளுக்கு மட்டும்தான். நாங்கள் பேசியதில் பெரும்பகுதி அந்த வகைதான் என்பது வேறு விஷயம்.

ஏப்ரல் 12

தூக்கம் வரவில்லை. மெலட்டோனின் ஒழிக.

ஏப்ரல் 15

நள்ளிரவு தாண்டித் தண்ணீர் குடிக்கப் போனேன். அண்ணன் விளக்குப் போடாமல் நின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருக்கிறது.

"லீவு எப்போது?"

"வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை."

"அப்புறம் பகலில் இருப்பாயா?"

"இருப்பேன்."

"ம்."

அந்த "ம்" நல்லதா, சலிப்பா? இதையே யோசித்துக்கொண்டிருந்ததில் வேதியியலில் ஒரு பாடம் முழுக்க விட்டுப்போனது.

ஏப்ரல் 17

முடிந்தது. ஆளுக்கு ஆள் சட்டையில் மை தெளித்துக்கொண்டார்கள். எனக்கு வாசலைத் தாண்ட மனமே வரவில்லை. அவள் வினாத்தாளின் ஓரத்தைக் கிழித்து நீட்டி எண்ணை எழுது என்றாள். அம்மாவின் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன், அவளுடைய பேனாவாலேயே. அவள் பேனாவைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. "ஊரிலிருந்து வந்ததும் சொல்" என்றாள்.

ஏப்ரல் 18

பதினொன்றுக்கு எழுந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அட்டவணை குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஏப்ரல் 22

சும்மா இருக்கிறேன். சும்மா இருப்பது நன்றாக இருக்கிறது, மதியம் வரை.

ஏப்ரல் 25

நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் கூடத்தில் அடித்தது. அம்மா மாடியில். விடாமல் அடித்தது. அண்ணன் வந்து எடுத்தான்! குளியலறைக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். "குளிக்கிறாள். வெளியூரா? யார்?" பிறகு நெடுநேரம் அமைதி. பிறகு அவன் சிரித்தான். சரியாகத்தான் கேட்டேன், சிரித்தான்.

தலையைக்கூடத் துவட்டாமல் ஓடிப்போய் வாங்கினேன். "உனக்கு அண்ணன் இருக்கிறாரா? சொல்லவே இல்லையே" என்றாள். "பூமியின் சாய்வைப் பற்றிக் கேட்டார், பாவம், அவருக்கும் தெரியவில்லை." வியாழக்கிழமை வருகிறாளாம். வரலாமா என்று இந்த முறை கேட்கவில்லை.

அண்ணனிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஊரிலிருந்து நேற்று வந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டேன்" என்றான். எந்த ஊர் என்று மட்டும் இருவருமே சொல்லவில்லை. வியாழனுக்குள் முடிவு செய்ய வேண்டும். கடற்கரை ஊர் என்றால் நான் கறுத்திருக்க வேண்டும். மலை என்று சொல்லலாம், ஆனால் அவள் உயரம் எத்தனை மீட்டர் என்று கேட்பாள்.