எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது?

மெல்பேர்ணுக்குக் கிழக்கே டண்டினோங் மலையடிவாரத்தில் நாங்கள் வீடு வாங்கியபோது, பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லோரும் மரங்களைத்தான் புகழ்ந்தார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் மட்டும் கூரைப் பீலியை அண்ணாந்து பார்த்தார். யூக்கலிப்ரஸ் சருகு நிரம்பி, அதன்மேல் புல்லும் முளைத்திருந்தது. நெருப்பு கிட்ட வர முதலே பொறி வந்துவிடும், அது தேடுவது இந்தச் சருகைத்தான் என்று சொல்லி, ஏணியையும் அவரே கொண்டு வந்தார்.

அவுஸ்திரேலியக் காட்டுத்தீயில் எரிந்து போகும் வீடுகளில் பெரும்பாலானவை பறந்து வரும் பொறியால்தான் பற்றுகின்றன. காற்று அவற்றைக் கிலோமீற்றர் கணக்கில் முன்னால் கொண்டுபோய்ப் போடும். பீலி, ஓட்டு இடுக்கு, மரத்தளத்தின் அடிப்பக்கம், வாசலில் கிடக்கும் தும்புக் கால்மிதி எல்லாம் அதற்குப் போதும். கிழவரிடம் பழைய ரெனிஸ் பந்துகள் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. பீலியிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைப் பந்தால் அடைத்துவிட்டு பீலி நிறையத் தண்ணீர் விட்டால், விழும் பொறி அதிலேயே அணைந்து போகும். எனக்கும் இரண்டு பந்து தந்தார்.

எங்கள் தெருவில் கொம்யூனிற்றி ஃபயர்கார்ட் என்று ஒரு குழு இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறத் தீயணைப்புப் படையான சிஎஃப்ஏ நடத்தும் திட்டம் அது. குளிர்காலத்தில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். நான் போன முதல் கூட்டத்தில் சிஎஃப்ஏ பெண்மணி மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வீடு வீடாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: எத்தனை மணிக்கு வெளிக்கிடுவீர்கள்? பதிலும் ஒன்றுதான் வந்தது. நெருப்பு வந்தால் போவோம், நிலைமையைப் பார்த்துப் போவோம்.

2009 பெப்ரவரி 7 கறுப்புச் சனிக்கிழமையன்று இறந்த 173 பேரில் பலர் அப்படி நிலைமையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். அன்று மெல்பேர்ணில் 46.4 பாகை. அதுவரை அரசு சொல்லி வந்தது, ஒன்றில் ஆயத்தமாக நின்று வீட்டைக் காப்பாற்று, இல்லையென்றால் நேரத்தோடு போய்விடு என்பதுதான். இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களைப் பற்றி அந்தக் கொள்கையில் பேச்சில்லை. பிறகு அமைந்த அரச ஆணைக்குழு 67 பரிந்துரைகள் செய்தது. அதன் பிறகுதான் மிக மோசமான நாள்களில் முதல்நாள் இரவோ விடியக்காலையோ போய்விடுவதே பாதுகாப்பு என்று அழுத்திச் சொல்லத் தொடங்கினார்கள்.

உண்மையைச் சொன்னால், மெல்பேர்ண் ஈழத்தமிழரிடம் கறுப்புச் சனி பற்றிய நினைவு குறைவு. அந்தக் கிழமை எங்கள் வீடுகளில் எல்லோருடைய காதும் வன்னிப் போர்ச் செய்தியில்தான் இருந்தது.

சரி, கூட்டத்துக்கு வருவோம். அம்மா ஒரு மூலையில் தேத்தண்ணியோடு இருந்தார். என்ன கேட்கிறார்கள் என்று நான் தமிழில் சொன்னதும், "எல்லாரும் ஒண்டா வெளிக்கிட்டால் ஒருத்தரும் போகேலாது எண்டு சொல்லு" என்றார். அம்மா சொன்னது 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி. போர் நெருங்க, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்து, வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் செம்மணி, நாவற்குழிப் பக்கம் ஒரே நேரத்தில் இறங்கிய இரவு. சைக்கிள், மாட்டுவண்டி, தள்ளுவண்டியில் வயதானவர்கள், மழை. பகலில் சைக்கிளில் சாதாரணமாகப் போய் வரும் தூரத்துக்கு விடியும்வரை நின்றோம். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்தப் பெண்மணி எங்கள் தெருவிலிருந்து பேர்வுட் நெடுஞ்சாலைக்கு இறங்கும் பாதையைப் பேனாவால் வட்டமிட்டார்.

பாதைதான் என் பெரிய மனக்குறை. 2019 டிசம்பர் 31 அன்று காட்டுத்தீ சூழ்ந்த மல்லகூற்றா என்ற கடலோர ஊரில் ஆயிரக்கணக்கானோர் பகலிலேயே இருண்டுபோன வானத்தின் கீழ் கடற்கரையில் நின்றார்கள். ஊருக்கு ஒரே தார்ப்பாதை, அதுவும் மூடப்பட்டுவிட்டது. கடைசியில் எச்எம்ஏஎஸ் சூல்ஸ் என்ற கடற்படைக் கப்பல் வந்து ஏற்றியது. எங்கள் மலையில் 2021 ஜூன் மாதம் நெருப்பே இல்லை, வெறும் புயல்தான். அதற்கே மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டன. ஒலிண்டா, கலோறமா பக்கம் கிழமைக் கணக்கில் மின்சாரமில்லை, மின்சாரம் போனதோடு தொலைபேசிக் கோபுரங்களும் படுத்துவிட்டன. 2019-20 கோடைத் தீயிலும் அப்படித்தான். தொலைத்தொடர்பு நின்ற இடங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் கோபுரம் எரியவில்லை, அதற்கு வந்த மின்சாரம்தான் நின்றுபோனது. எச்சரிக்கை முழுவதையும் கைபேசியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோபுரத்துக்குச் சில மணி நேரத்துக்கு மட்டும் பற்றரி வைப்பது எந்த ஊர் நியாயம்? எங்கள் வீட்டில் பற்றரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருக்கிறது, அரச ஒலிபரப்பான ஏபிசியின் உள்ளூர் வானொலி கேட்க.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதற்கும் தீ அபாய அளவு நான்கு படிகளாக ஒன்றாகிவிட்டது. மிதமானது, உயர்ந்தது, அதி தீவிரம், பேரழிவு. முன்னர் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டுக் கிடந்தது. விக்டோரியாவின் அவசர எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி செயலியும் நல்லது. ஆனால் காசு போகும் பக்கத்தைப் பாருங்கள். 2014இல் மத்திய அரசுக்குப் பொருளாதார ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையம் கணக்குப் பார்த்தபோது, அழிவு நடந்த பின் செலவாகும் மத்திய அரசுப் பணத்தோடு ஒப்பிட்டால் அழிவைக் குறைக்க முன்கூட்டிப் போட்டது வெறும் 3 சதவீதம். 2023இல் தொடங்கிய பேரிடர் ஆயத்த நிதியில் ஐந்து ஆண்டுக்கு 100 கோடி டொலர் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கறுப்புச் சனியன்று கில்மோர் கிழக்கில் மின்கம்பி அறுந்து பற்றிய ஒரே நெருப்புக்காக 2014இல் வழக்கைத் தீர்க்கப் பேசி முடித்த தொகை மட்டும் 49 கோடி டொலருக்கு மேல்.

தெருவோரம் சாய்ந்து நிற்கும் மரம் ஒன்றைப் பற்றி நானும் உரிய இடத்துக்கு எழுதிக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மரம் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது.

மொழி அடுத்த தொல்லை. தமிழில் துண்டுப்பிரசுரம் இருக்கிறது, மொழிபெயர்ப்பும் மோசமில்லை. ஆனால் நெருப்பு வரும் மத்தியானத்தில் அம்மா துண்டுப்பிரசுரம் வாசிக்கப் போவதில்லை. அவசர ஒலிபரப்பு ஆங்கிலத்தில், எஸ்பிஎஸ் வானொலியின் தமிழ் நிகழ்ச்சியோ நாள் முழுக்க இருப்பதில்லை. "இனி வெளிக்கிட நேரம் பிந்திவிட்டது" என்ற ஒரு வசனமாவது அந்த நேரத்தில் அம்மாவின் காதில் தமிழில் விழ வேண்டும். மூன்று தெருக்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் குரல்பதிவு மட்டும்தான், காலை வணக்கப் படங்களுக்குத் தடை. (இந்தத் தடையை நிலைநாட்டியதுதான் என் பொதுவாழ்வின் பெரிய சாதனை.)

அப்புறம் பொங்கல். ஊரில் தை குளிர் மாதம், இங்கே அது உச்சக் கோடை. வெளியில் நெருப்பு மூட்டத் தடை விதிக்கும் முழுத் தீத்தடை நாளில் வளவில் விறகு மூட்டிப் பொங்கல் பானை வைத்தால் சட்டப்படி குற்றம். காஸ் அடுப்பு என்றால் விக்டோரியாவில் நிபந்தனையோடு வைக்கலாம். சுற்றிவர மூன்று மீற்றருக்கு எரியக்கூடிய ஒன்றும் இருக்கக் கூடாது, தண்ணீர்க் குழாயோ பத்து லீற்றர் தண்ணீரோ கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சூரியனுக்குக் காஸில் பொங்குவதா என்று அம்மா முதல் வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது முதல்நாள் இரவே தடை இருக்கிறதா என்று என்னைக் கேட்பது அவர்தான்.

எங்கள் வீட்டுத் திட்டம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. மறுநாள் பேரழிவு நாள் என்று அறிவித்தால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிளம்புகிறோம். அதி தீவிரம் என்றால் காலை எட்டு மணிக்கு முன். புகை தெரிகிறதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. போகும் இடம் மெல்பேர்ண் புறநகரான கிளேற்றனில் பெரியம்மா வீடு. வீட்டு உறுதிப் பத்திரம், கடவுச்சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பையில். அந்தப் பையை அடுக்குவதற்கு அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உடுப்பில்தான் சண்டை: நைலெக்ஸ் சேலை வெப்பத்தில் உருகி உடம்போடு ஒட்டிவிடும், பருத்திதான் கட்ட வேண்டும். போன கோடையில் இரண்டு தடவை வெளிக்கிட்டோம். இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகத்தில் சிரித்தார்கள், பெரியம்மா இரண்டு நாளும் கணவாய்க் கறி வைத்தார். இந்த முறை பக்கத்து வீட்டுக் கிழவரையும் கூட்டிப்போவதாக முடிவு. கார் ஓட்டுவதை அவர் விட்டுவிட்டார், கணவாய் சாப்பிடுவாரா என்று இன்னும் கேட்கவில்லை.